பதிவாளர் ஆபீஸில் பொங்கிய பால்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்புகிற ஒரு வளைவில், எங்கள் ஊர் சார்பதிவாளர் அலுவலகம் நிற்கிறது. நிற்கிறது என்றால் நிற்கிறதுதான், வேறு எந்த வேலையும் செய்யவில்லை. கட்டி முடித்து, வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, வாசலில் கல்வெட்டும் பதித்தாகிவிட்டது. திறந்துவைக்க வேண்டிய அமைச்சர்தான் தேதி கொடுக்கவில்லை. கல்வெட்டில் எல்லோர் பெயரும் இருக்கிறது. தேதி வரவேண்டிய இடம் மட்டும் வழவழவென்று வெறுமையாக இருக்கிறது. கல்லை மறைத்துத் தொங்கவிட்ட பச்சைத் திரை வெயிலில் நைந்து, அடுத்த திரை மாட்டி, அதுவும் நைந்துகொண்டிருக்கிறது.

நான் பத்திர எழுத்தர். ஆபீஸ் வரப்போகிறது என்ற பேச்சை நம்பி, அதற்கு நேர் எதிரே கடை பிடித்தவன். என்னைப் போல ஓர் ஏமாளி இந்தத் தாலுகாவில் கிடையாது. கிரயப் பத்திரம் எழுத வேண்டிய கை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆதார் அட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகையால் நான் சொல்வதில் கொஞ்சம் எரிச்சல் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்தது அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் தவராணியைப் பற்றி. வயது நாற்பத்து மூன்று. இலங்கையில் மன்னார் பக்கம் பிறந்தவர். அங்கே சண்டை முற்றியபோது, எட்டு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு படகேறி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார். மண்டபம் முகாமில் பெயரைப் பதிந்து, ஒரு லாரியில் ஏற்றி எங்கள் பக்கம் அனுப்பிவிட்டார்கள். "இவ்வளவு தூரம் எதுக்கும்மா அனுப்புனாங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். "இங்கதான் ஒரு கட்டடம் சும்மா கிடந்துச்சாம்ண்ணே" என்றார்.

அதிலிருந்து அவருக்கு அதே பிழைப்பாகிவிட்டது. அரசாங்கக் கட்டடம் எங்கெல்லாம் சும்மா கிடந்ததோ அங்கெல்லாம் குடியிருந்திருக்கிறார். முதலில் பருத்தி வராத காலத்தில் காலியாகக் கிடந்த ஒரு கிடங்கு. பருத்தி வந்ததும் ஆட்களை வெளியே எடுத்துவிட்டு மூட்டைகளை உள்ளே வைத்தார்கள். பிறகு, கலைந்துபோன நெசவாளர் சங்கத்தின் பூட்டிக் கிடந்த கட்டடம். அதன் பிறகுதான் ஏரிக்கரையில் தகரத்தையும் தார் அட்டையையும் வைத்துப் பத்துக்குப் பத்தில் வரிசையாக வீடு போட்டு, முகாம் என்று பெயர் வைத்தார்கள். தவராணிக்குக் கல்யாணம் நடந்தது அங்கேதான். ஒரு புயலில் முகாமின் கூரைகள் பறந்தபோது, எல்லோரையும் டாக்டர் வராத ஒரு மாட்டாஸ்பத்திரியில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தச் சமயம்தான் மகள் சிந்து பிறந்தாள். பிறந்தது பெரியாஸ்பத்திரி, வளர்ந்தது மாட்டாஸ்பத்திரி என்று ஊரே அந்தப் பிள்ளையைக் கேலி செய்யும். அவளும் சளைத்தவள் இல்லை. "அதனாலதான் உங்களையெல்லாம் பாத்தா ஊசி போடணும்போல இருக்கு" என்பாள்.

தவராணியின் கணவர் பெயின்ட் வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து இறந்துபோனார். அப்புறம் தவராணி வெங்காயம் பிடுங்கப் போனார், பருத்தி எடுக்கப் போனார், மக்காச்சோளம் உடைக்கப் போனார். சிந்துவைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்து, முகாமிலேயே ஒரு நல்ல பையனுக்குக் கட்டிக்கொடுத்தார். அவனும் பெயின்டர்தான், வேலைக்காகக் கோயம்புத்தூரில் இருக்கிறான். இந்த மாவட்டத்தில் அரசாங்கச் சுவர் எதைத் தொட்டாலும் அதில் முகாம் ஆட்கள் அடித்த பெயின்ட் இருக்கும். அவர்களுக்குத்தான் சுவர் கிடையாது.

ஒரு வழியாக முகாமில் கான்கிரீட் வீடு கட்டித்தர உத்தரவு வந்தது. அதே இடத்தில் கட்ட வேண்டும் என்பதால் பழைய வீடுகளை இடித்தாக வேண்டும். வேலை முடியும் வரை எல்லோரும் உறவினர் வீடுகளில் தங்கிக்கொள்ளவும் என்று அறிவித்தார்கள். முகாமில் இருந்தவர்களுக்கு உறவினர்கள் எல்லாம் அதே முகாமில்தான் இருந்தார்கள். தவராணி தன் அத்தை வீட்டுக்குப் போக மூட்டை கட்டினார். அத்தை தவராணி வீட்டுக்கு வர மூட்டை கட்டினார். இருவரும் நடுவழியில் பார்த்துக்கொண்டு, மூட்டைமேல் உட்கார்ந்து யார் வீட்டுக்கு யார் போவது என்று பேசி முடிப்பதற்குள் இரண்டு வீட்டையும் இடித்துவிட்டார்கள்.

எங்கள் தாசில்தார் முத்தமிழ்செல்வன் நல்ல மனிதர். ஆனால் விதியைப் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஏரிக்கரையில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த குடும்பங்களைப் பார்த்துவிட்டு வந்தவர், என் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தி எதிர்க் கட்டடத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் விளக்கினார். "இது இன்னும் திறக்கல. திறக்காததால இது ஆபீஸ் இல்ல. ஆபீஸ் இல்லாததால ஆளுங்களத் தங்க வைக்கலாம். ஒரே ஒரு கண்டிஷன், முன்கதவத் தொறக்கக் கூடாது. தொறந்தா தொறந்ததா ஆயிடும்."

அப்படியாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் பின்கதவு வழியாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குள் குடிபுகுந்தன. ஆவணக் காப்பறையில் மூன்று குடும்பம். 'வில்லங்கச் சான்று இங்கே பெறப்படும்' என்று எழுதியிருக்கும் கவுன்டருக்குப் பின்னால் ஒரு குடும்பம். சிந்து நிறைமாதமாக இருந்ததால் அவளுக்கும் தவராணிக்கும் சார்பதிவாளரின் அறையையே கொடுத்தார்கள். இந்த நாட்டில் தங்கள் பெயரில் ஒரு சென்ட் நிலம் வாங்க வழியில்லாத ஜனங்கள், நிலம் பதிகிற ஆபீஸில் துணி காயப்போட்டார்கள். நான் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. முகாமில் மாதம் இரண்டு முறை ஆள் கணக்கு எடுப்பார்கள். அன்றைக்கு ஆள் இல்லாவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்கள். முகாமை இடித்துவிட்டாலும் கணக்கெடுப்பு முகாமில்தான் நடக்க வேண்டும் என்பது விதி. அந்த நாளில் எல்லோரும் குளித்து, தலைவாரி, ஏரிக்கரைக்குப் போய் அவரவர் வீடு இருந்த இடத்தில் நின்றுகொள்வார்கள். சுவர் இல்லாத வீட்டுக்குள் நின்று "உள்ளேன் ஐயா" சொல்லிவிட்டுத் திரும்பி வருவார்கள். கழிப்பறை இருந்த இடத்தில் தெரியாமல் நின்ற ஒரு பெரியவரை, தள்ளி நின்று சொல்லச் சொன்னார்களாம்.

குடிபுகுந்த முதல் வெள்ளிக்கிழமை, சிந்து ஆசைப்பட்டாள். "அம்மா, பால் காய்ச்சலாம்மா. மொத மொதல்ல காங்கிரீட்டுக்குள்ள வந்துருக்கோம்." புது வீட்டுக்குள் போனால் பால் காய்ச்சுவதும், அது பொங்கி வழிந்தால்தான் குடிபுகுந்ததாக எடுத்துக்கொள்வதும் எல்லோருக்கும் உள்ள வழக்கம். தவராணி அதுவரை எங்கேயும் பால் காய்ச்சியதில்லை. கிடங்கிலும் மாட்டாஸ்பத்திரியிலும் யார் காய்ச்சுவார்கள்? மகளின் வயிற்றைப் பார்த்து மனம் இளகி, ஒரு பாக்கெட் பால் வாங்கிவந்து, பாத்திரத்துக்கு மஞ்சள் தடவி, சார்பதிவாளரின் மேஜைமேல் அடுப்பை வைத்துக் காய்ச்சினார். சிந்து அதைப் படமெடுத்து, 'எங்க புது வூடு' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். வினை அங்கே ஆரம்பித்தது.

அந்தப் படம் எப்படியோ சுற்றி, ஆளுங்கட்சியின் எங்கள் ஒன்றியச் செயலாளர் ஆண்டவர் என்பவரின் கைபேசிக்குப் போய்விட்டது. கல்வெட்டில் அமைச்சர் பெயருக்குக் கீழே மூன்றாவது பெயர் அவருடையது. அந்தத் திரை விலகி, தன் பெயர் வெளியே வருவதற்காகவே நாள் எண்ணிக்கொண்டிருந்தவர். காலை பத்து மணிக்கு வெள்ளைக் காரில் வந்து இறங்கி, பூட்டியிருக்கும் முன்கதவுக்கு முன்னால் நின்று கத்தினார்.

"யாரக் கேட்டுய்யா பால் காய்ச்சுனீங்க? பால் காய்ச்சிட்டா தொறந்தாச்சுன்னு அர்த்தம்யா! அமைச்சர எச்சிக் கட்டடத்துக்கா வரச் சொல்லுவேன்?"

தவராணி பின்கதவு வழியாகச் சுற்றி ஓடிவந்து கைகட்டி நின்றார். எனக்கு அந்த மனிதரின் குரல் பிடிக்கவில்லை. ஆனால் கடையை விட்டு இறங்கிப் போய்க் கேட்கிற தைரியமும் இல்லை, வாசலில் நின்று பார்த்தேன்.

ஆண்டவர் அமைச்சரின் உதவியாளருக்குப் போன் போட்டார். அமைச்சர் ரொம்பவும் சகுனம் பார்ப்பவர். மறுநாளே அங்கிருந்து பதில் வந்தது. பால் பொங்கவில்லை என்றால் அது பால் காய்ச்சினதே ஆகாது, வருகிற வளர்பிறை வெள்ளியன்று அமைச்சர் வந்து திறப்பார். பொங்கிவிட்டது என்றால் அது இன்னொருவர் குடிபுகுந்த இடம், அந்தப் பக்கமே வரமாட்டார். எது என்று விசாரித்துச் சொல்லவும்.

விசாரிக்கும் வேலை தாசில்தார் முத்தமிழ்செல்வன் தலையில் விழுந்தது. சட்டம் ஒழுங்கு, ஏரி ஆக்கிரமிப்பு எல்லாம் விசாரித்த மனிதர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். "இங்க பாருங்கம்மா, பயப்படாம சொல்லுங்க. பால் பொங்குச்சா, பொங்கலயா?"

தவராணி சாதாரணமாக நம்மைப் போலத்தான் பேசுவார். பயம் வந்துவிட்டால் மட்டும் பிறந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். "பொங்கேல்ல ஐயா. சத்தியமாப் பொங்கேல்ல. விளிம்புக்கு வரேக்க நான்தான் அடுப்பை அணைச்சனான்."

பக்கத்தில் நின்ற ஆண்டவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தாசில்தாரும் பெருமூச்சு விட்டார். தவராணியும், தப்பித்தோம் என்றுதான் நினைத்தார். அப்போதுதான் தாசில்தார் தரையைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். "அப்போ வர்ற வெள்ளிக்கெழம திறப்பு விழா. தொறந்துட்டா இது ஆபீஸ் ஆயிடும். ஆபீஸ்ல ஆள் தங்கக் கூடாது. புதன்கெழமைக்குள்ள எல்லாரும் காலி பண்ணிருங்க."

"எங்கங்கய்யா போறது?"

"உறவினர் வீட்டுக்கு" என்றார் தாசில்தார். சொன்ன பிறகு அவருக்கே என்னவோபோல் இருந்திருக்க வேண்டும், நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் தவராணி என் கடைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. டாக்டர் சிந்துவுக்கு அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. பெற்றுக்கொண்டு பிள்ளையோடு திரும்பி வருவதற்கு இடம் எங்கே? ஏரிக்கரையில் அஸ்திவாரக் குழிதான் இருக்கிறது, அதிலும் தண்ணீர் நிற்கிறது.

"அண்ணே, சொன்னத மாத்திச் சொல்ல முடியுமா?"

பத்திரத்தில் தப்பு வந்தால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதலாம். பாலுக்கு அப்படி எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. "போய், பொங்குச்சுன்னு சொல்லேம்மா. யாரு பாத்தா?" என்றேன்.

"பொய் சொல்ல மாட்டேண்ணே. புள்ள பொறக்கப்போற நேரம்."

"அப்ப எதுக்கும்மா அன்னிக்கு அணைச்ச? அதப் பொங்க விட்டிருந்தா இந்தப் பாடு இல்லல்ல?" எனக்குக் கோபமே வந்துவிட்டது.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மகள் ஆசைப்பட்டாள் என்று அடுப்பில் வைத்தாராம். பால் மேலே ஏறி வரும்போதுதான் தோன்றியதாம், இது என் வீடு இல்லையே, இதில் ஏன் பொங்க வேண்டும் என்று. "எனக்கெண்டு ஒரு வீடு வரேக்க பொங்கட்டும் எண்டு வச்சிருந்தனான், அண்ணை. அந்த ஒண்டையாவது வேற இடத்தில செலவழிக்கக் கூடாது எண்டு."

நான் ஜெராக்ஸ் மெஷினைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். சும்மா கிடந்த கட்டடத்தையெல்லாம் வீடாக்கிக்கொண்டவர், ஒரே ஒரு பாத்திரம் பாலை மட்டும் இத்தனை வருஷமாகப் பொங்கவிடாமல் வைத்திருந்திருக்கிறார். அந்த ஆபீஸ் திறந்தால் பிழைக்கப்போகிறவன் நான்தான் என்பதும் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது.

அவர் முந்தானையை உதறிச் செருகினார். பிறகு, "பொய் சொல்ல வேண்டாம், அண்ணை. பொங்கவே வச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விழா ஏற்பாட்டைப் பார்க்க ஆண்டவரும் தாசில்தாரும் சேர்ந்து வந்தார்கள். மேடை எங்கே, பந்தல் எங்கே என்று பேசிக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே நுழைந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கூடத்தின் நடுவில் கோலம். கோலத்தின்மேல் அடுப்பு. மஞ்சள் தடவிய பாத்திரத்தில் பால் காய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் எல்லாக் குடும்பத்துப் பெண்களும் குளித்து, பூ வைத்து நின்றார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் தவராணி, அவர் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிந்து. சர்க்கரை கொடுக்கப்போன சாக்கில் நானும் உள்ளே இருந்தேன்.

"என்னம்மா இது! அணைங்க, அணைங்க!" என்று ஆண்டவர் கத்தினார்.

"நீங்களே அணைங்கய்யா" என்றார் தவராணி. நம் ஊர்ப் பேச்சிலேயே சொன்னார்.

ஆண்டவர் ஒரு அடி எடுத்து வைத்தார். எதிரில் நிறைமாத கர்ப்பிணி நிற்கிறாள். அவள் வீட்டில் பால் காயும் அடுப்பை அணைப்பது என்றால் யாருக்குக் கை வரும்? எடுத்த காலைப் பின்னால் வைத்துக்கொண்டு, "தாசில்தார், நீங்க அணைங்க" என்றார்.

"கட்சிக்காரரு நீங்க. நீங்கதான் அணைக்கணும்."

"கவுர்மெண்ட்டு கட்டடம் சார். கவுர்மெண்ட்டு நீங்க."

"அரசு ஊழியர் அடுப்ப அணைக்கணும்னு எந்த விதியிலயும் இல்ல சார்."

ஆண்டவர் தன் டிரைவரைப் பார்த்தார். டிரைவர், "எனக்கும் புள்ளகுட்டி இருக்குங்க" என்று சொல்லி வெளியே போய்விட்டார். கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சர்க்கரை டப்பாவின் மூடியைத் திறப்பதில் மும்முரமாக இருந்தேன். மூடி ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

பால் ஏறிக்கொண்டே வந்தது. ஆடை விரிந்து விளிம்பைத் தொட்டது. அப்போது நான் தவராணியின் கையைப் பார்த்தேன். அது தானாக அடுப்பின் திருகை நோக்கிப் போனது. ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்தாமல் குடும்பம் நடத்திய கை, அதற்கு வேறு எதுவும் தெரியாது. அவர் இடது கையால் அந்த வலது கையைப் பிடித்து நிறுத்தினார். பிடித்துக்கொண்டு அழுதார். பால் பொங்கி நான்கு பக்கமும் வழிந்து, கோலத்தை அழித்துக்கொண்டு தரையில் ஓடியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

குலவை அடங்கியதும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. தவராணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மிச்சமிருந்த பாலில் சர்க்கரை போட்டுக் கலந்து, இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றைத் தாசில்தாரிடமும் மற்றதை ஆண்டவரிடமும் நீட்டினார்.

"மொத மொதல்ல வூட்டுக்கு வந்துருக்கீங்க. உக்காந்து குடிங்க."

ஆண்டவர் ஒரு நாளைக்கு நாலு வீடு பால் காய்ச்சலுக்குப் போகிறவர். டம்ளர் கைக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் உட்கார்ந்துவிட்டார். குடித்தும் விட்டார். குடித்து முடித்ததும், பால் காய்ச்சிய வீட்டில் வெறுங்கையோடு எழுந்து பழக்கமில்லாத மனிதர், வாசல் பக்கம் பார்த்து, "டேய், அத எடுத்தா" என்றார். டிரைவர் காரிலிருந்து ஜிகினாத் தாள் சுற்றிய ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே சுவர்க்கடிகாரம். பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் நடுவில் ஆண்டவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதைத் தவராணி கையில் கொடுத்து, "நல்லா இருங்க" என்று வாழ்த்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வெளியே போய்ப் போன் பேசினார். "ஆமாங்க... பொங்கிருச்சுங்க... நல்லாவே பொங்கிருச்சுங்க... நானா? நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்பது எங்கள் காதில் விழுந்தது. அமைச்சர் வரமாட்டார். அவர் வராவிட்டால் அவர் பெயர் வெட்டிய கல்லை வேறு யாரும் திறக்க முடியாது. திறக்காதவரை அது ஆபீஸ் இல்லை. தாசில்தார் இதையெல்லாம் வாய்க்குள்ளேயே கூட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப உங்க வீடு கட்டி முடியிற வரைக்கும் இங்கயே இருங்கம்மா" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து, அவர்மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது. என் கடை போனது போனதுதான்.

தவராணி கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, உங்ககிட்ட சுத்தியல் இருக்கா? ஒரு ஆணியும் வேணும்" என்றார். நான் போய் எடுத்துவந்தேன். சார்பதிவாளர் அறையில், நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற சுவரில் அவர் ஆணியை வைத்தார்.

"ஒரு நிமிஷம்மா, அரசுக் கட்டடத்துல ஆணி அடிக்கிறதுக்கு..." என்று தாசில்தார் ஆரம்பித்தார். கையிலிருந்த பால் டம்ளரைப் பார்த்தார். மிச்சத்தைச் சொல்லாமல் பாலைக் குடித்தார்.

முகாமில் ஆணி அடிக்க முடியாது. தகரத்தில் அடித்தால் அடுத்த வீட்டுக்காரர் தலைமாட்டில் முனை வந்து நிற்கும், தார் அட்டையில் அடித்தால் சுவரே கையோடு வந்துவிடும். எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டித் தரையில்தான் வைத்திருப்பார்கள். தவராணிக்கு அடிக்கத் தெரியவில்லை. முதல் அடி விரலில் விழுந்தது. அடுத்த அடிக்குச் சுண்ணாம்பு உதிர்ந்தது. சுத்தியலை வாங்கப் போன என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, திரும்பத் திரும்ப அடித்தார். பாதி ஆணி உள்ளே இறங்கியதும் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"நிக்குதடி" என்றார் சிந்துவிடம்.